நாய்க்கும் ஒட்டும்

அந்த விலங்கு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கும் முன் டோக்கன் அக்காவைப் பார்த்தாக வேண்டும். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். வந்த பிராணியின் பெயர், வயது, எடை, என்ன தொந்தரவு என்று நான்கையும் எழுதிக்கொண்டு, வரிசை எண் போட்ட அட்டையை நீட்டுவாள். பத்து வருடமாக இதே வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள்.

ஊசிக்கு டாக்டர், கட்டுப்போடக் கம்பவுண்டர், சந்தேகம் கேட்க டோக்கன் அக்கா. பெரிய வித்தியாசமான சந்தேகங்கள் எல்லாம் வராது. ஒரே கேள்விதான் வேறு வேறு வாயிலிருந்து வரும்.

"பையனுக்குச் சின்னம்மை போட்டிருக்குங்க. பூனை அவன் தலகாணியிலதான் தூங்குது. அதுக்கும் வந்துடுமா?"

அவள் எழுதுவதை நிறுத்தாமல் சொல்வாள். "வராதுங்க. அது மனுஷங்களுக்குத்தான். படர்தாமரை, சொறி மாதிரி ஏதாவதுன்னா சொல்லுங்க. அதுதான் இங்கேருந்து அங்கேயும் போகும், அங்கேருந்து இங்கேயும் வரும்."

டாக்டர் சொல்லிக்கொடுத்த பதில். சொல்லிச் சொல்லி நாக்கிலேயே குடியேறிவிட்டது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள்.

அப்படிப்பட்டவள் தன் சொந்த வீட்டில், பெற்ற மகள் அதே கேள்வியைக் கேட்டபோது, பதிலை அப்படியே மாற்றிச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்றால் வயிற்றெரிச்சல். வேறு காரணம் ஒன்றும் இல்லை, தேடவும் வேண்டாம்.

எரிச்சல் யார்மேல் என்று கேட்டால்தான் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாய்மேல்.

அந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கோ கதவிடுக்கில் வால் நசுங்கி, யாரோ ஒருவர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டுப் போன குட்டி. டாக்டர் பாதி வாலை எடுத்துவிட்டார். ஒரு வாரம் யாரும் தேடி வரவில்லை. ஐந்து வயது மகளுக்கு விளையாட்டுத் துணை ஆகட்டும் என்று கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அதற்கு அரைவால் என்று பெயர் விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் வாண்டுக்கு எல்லாமே அரைவால்தான். வாண்டு என்பது மகள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அம்மா எட்டு மணி நேரம் கண்ணாடிக் கூண்டில். நாய்க்கு வேறு வேலை கிடையாது. மகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. போட்டியில் அது ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை. அரைவாலுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவளை என்றால் அவளை அல்ல, அவள்மேல் வரும் வாசனையை. மருத்துவமனையின் தரை துடைக்கும் மருந்து, ஸ்பிரிட், பயந்த பிராணிகளின் மூத்திரம் எல்லாம் கலந்த ஒரு நெடி அவள் துணியிலும் தலைமுடியிலும் ஏறியிருக்கும். மாலை ஆறு மணிக்கு அவள் செருப்பைக் கழற்றும்போதே அது கட்டிலுக்கடியில் போய்விடும். வால் போன இடத்தின் வாசனையை அது மறக்கவில்லை.

"அம்மா, முதல்ல குளிச்சிட்டு வா. அவன் பயப்படறான்" என்பாள் வாண்டு.

பத்து மாதம் சுமந்து பெற்ற மகளைக் கட்டிக்கொள்ள நாயிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குளித்துவிட்டு வருவதற்குள் மகள் நாயின் காதில் பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருப்பாள். இவளிடம் கேட்டால், "ஒன்னும் இல்லம்மா" என்பதோடு சரி.

அந்த வருடம் வாண்டின் வகுப்பில் பாதி பேருக்குச் சின்னம்மை வந்தது. வாண்டுக்கும் வந்தது. முதலில் வயிற்றில் நாலு, சாயங்காலத்துக்குள் முதுகு முழுக்க. டோக்கன் அக்கா உடனே நான்கு நாள் லீவு போட்டாள். மகளுக்குக் காய்ச்சல் என்ற கவலை ஒரு பக்கம் இருந்தாலும், நான்கு நாள் முழுசாகப் பக்கத்தில் உட்காரலாம் என்ற சந்தோஷமும் ஒளிந்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாளே அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. ஈரத்துணியை நெற்றியில் வைத்தால் வாண்டு தள்ளிவிட்டாள். பால் கொடுத்தால் உதட்டை மூடிக்கொண்டாள். அரைவால் கட்டிலில் ஏறி முட்டியோரம் சுருண்டு படுத்ததும், பால் இறங்கியது, மாத்திரை இறங்கியது. அரிப்பு எடுக்கும்போதெல்லாம் வாண்டு தன் உடம்பைச் சொறியாமல் நாயின் காதைச் சொறிந்தாள். டாக்டர் சொறியக் கூடாது என்று சொன்னதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. நல்ல வழிதான். அம்மாவுக்கும் இரண்டு காது இருந்தது.

"பாரேன், எவ்வளவு சமத்தா பார்த்துக்குது" என்று வாசலில் நின்று மெக்கானிக் சிரித்தார்.

"ஆமாமா. அதுவே லீவு போட்டிருக்கலாம், நான் வேலைக்குப் போயிருப்பேன்."

அவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய எதுவும் அவருக்குச் சட்டென்று புரிந்ததில்லை.

இரண்டாம் நாள் காலை, பஞ்சில் லோஷனைத் தொட்டு ஒவ்வொரு கொப்புளமாக வைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ் நிற லோஷன், சுண்ணாம்பு மாதிரி காயும். நாய் கட்டிலின் அந்தக் கோடியில் ஒதுங்கிப் படுத்து இவளையே ஓரக்கண்ணால் பார்த்தது. அப்போதுதான் வாண்டு கேட்டாள்.

"அம்மா, இது இவனுக்கு ஒட்டிக்குமா?"

பத்து வருடத்தில் அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக அவள் கை நின்றது. வராதுங்க, அது மனுஷங்களுக்குத்தான் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. நாயைப் பார்த்தாள். மகளின் கை நாயின் கழுத்தில் கிடந்ததைப் பார்த்தாள்.

"ஒட்டும்" என்றாள்.

மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஒட்டாதுன்னுல்ல சொல்லுவ எப்பவும்?"

"அது சளிக்குச் சொல்றது. இது அம்மை. நாய்க்கு வந்தா ரொம்பக் கஷ்டம்."

விலங்கு மருத்துவமனையில் பத்து வருடம் இருந்தவள் சொன்னால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்ன எதிர்ப்பேச்சு பேச முடியும்? வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார். வாண்டு எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கிடந்த கையை எடுத்துக்கொண்டாள். நாயைக் காலால் மெல்லத் தள்ளினாள்.

"போடா. கிட்ட வராதே. போ."

அது இறங்கவில்லை, விளையாட்டு என்று நினைத்து அரை வாலை ஆட்டியது. வாண்டு அழுதுகொண்டே தலையணையை எடுத்து அதன்மேல் எறிந்தாள். அப்புறம்தான் இறங்கியது. மத்தியானத்துக்குள் அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் வந்து, பாய், தட்டு, பந்து சகிதம் அரைவாலைக் கூட்டிக்கொண்டு போனாள். மெக்கானிக்கின் மூத்த அக்கா, தையல் கடை வைத்திருப்பவள், வாயில் எப்போதும் நாலு குண்டூசி கடித்தபடி பேசுகிறவள்.

டோக்கன் அக்கா கதவைச் சாத்தினாள். குளித்தாள். சுத்தமான நைட்டியை மாட்டிக்கொண்டு மகள் பக்கத்தில், நாய் படுத்திருந்த அதே இடத்தில் படுத்தாள். இடம் இன்னும் சூடாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வாண்டு கேட்டாள். "உனக்கு ஒட்டாதா?"

"ஒட்டும். எனக்குச் சின்ன வயசுல வரவே இல்லை. அப்பாவுக்குத்தான் வந்துச்சு."

"அப்போ வந்துட்டா?"

"வந்தா வரட்டும். நீதான் முக்கியம்."

 மகள் திரும்பிக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். எந்தத் தாய்க்கும் அந்த இடத்தில் அந்த எதிர்பார்ப்பு இருக்கும்.

"சரி" என்றாள் வாண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. "அவனுக்கு மட்டும் வராம இருந்தா போதும்."

பக்கத்தில் படுத்தாலும் அவள் ஜெயித்ததாக ஆகவில்லை என்று அப்போது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது, ஆனால் எரிச்சல்தான் கூடியது. வீட்டில் இல்லாத நாய், அடுத்த தெருவில் இருந்த நாய், இப்போது வீடு முழுக்க இருந்தது. வாண்டு தினமும் மூன்று வேளை அத்தைக்குப் போன் போட்டாள். அத்தை போனை நாயின் காதில் வைக்க வேண்டும். "டேய், இன்னிக்கு முதுகுல காஞ்சிடுச்சுடா. கால்ல இன்னும் ஒன்பது இருக்கு" என்று வாண்டு கணக்குச் சொல்வாள். அந்தப் பக்கம் அது குரைக்கும். இந்தப் பக்கம் டோக்கன் அக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவாள்.

எட்டாம் நாள் எல்லாம் காய்ந்துவிட்டது. டோக்கன் அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இப்போ அவனைக் கூட்டிட்டு வரலாமா?"

"பொருக்கு எல்லாம் உதிரணும். ஒன்னு பாக்கி இருந்தாலும் ஆபத்து."

ஏன் அப்படிச் சொன்னாள்? இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்குள் மகள் கொஞ்சம் தன் பக்கம் சாய்ந்துவிட மாட்டாளா என்ற நப்பாசை.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது வாண்டு குளியலறைக் கண்ணாடி முன் ஸ்டூல் போட்டு நின்றிருந்தாள். முகத்தில் மூன்று இடத்தில் ரத்தம். கையில், காலில், காதோரத்தில். ஒவ்வொரு பொருக்காக நகத்தால் பிய்த்து, வாஷ்பேசினில் வரிசையாக வைத்திருந்தாள்.

"எல்லாம் உதிர்ந்துடுச்சும்மா. ஒன்னுகூட பாக்கி இல்லை. நீயே பாரு."

டோக்கன் அக்கா ஸ்டூலிலிருந்து அவளை இறக்கி, பஞ்சால் துடைத்து, மருந்து வைத்தாள். திட்ட வாய் வரவில்லை. நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு குழி ஆழமாக இருந்தது. அது ஆறினாலும் வடு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. "புண் ஆறட்டும்" என்றாள். சொல்லியிருந்தால் கேள்வி வரும், ஏன் பொய் சொன்னாய் என்று வரும். அதற்கு என்ன பதில் சொல்வது? உன் நாயைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது என்றா?

பதின்மூன்றாம் நாள் காலையில் கூண்டின் முன் வரிசையில் நாத்தனார் நின்றாள். இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் அரைவாலைத் தூக்கி வைத்திருந்தாள். அது அந்த வாசனைக்கு வெடவெடவென்று நடுங்கியது.

"நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. வயித்தைப் பாரு, சிவப்பு சிவப்பா. பிள்ளைகிட்டேருந்து வந்துடுச்சு போலிருக்கு."

"அண்ணி, இதெல்லாம் ஒன்னுமில்லை, நான் பார்த்து மருந்து..."

"நீ என்ன டாக்டரா? அட்டையைக் கொடு."

கொடுத்தாள். எண் பதினொன்று. என்ன தொந்தரவு என்ற இடத்தில் எழுத வேண்டியதை எழுதாமல் ஒரு கோடு இழுத்தாள். பதினோராம் எண் உள்ளே போனது. டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது; உள்ளே பேசுவது எல்லாம் கூண்டுக்குக் கேட்கும்.

"சின்னம்மையா? நாய்க்கா?" டாக்டர் சிரித்தார். "அது மனுஷங்களுக்கு வர்றதும்மா. நாய்க்கு வராது. இது எறும்பு கடிச்சிருக்கு. எங்கே படுக்க வைக்கறீங்க?"

"தையல் மிஷினுக்குக் கீழே."

"அங்கே பிஸ்கட் ஏதாவது போடறீங்களா?"

"நிறைய."

"அதான். யாரு உங்ககிட்ட அம்மைன்னு சொன்னது?"

நாத்தனார் நாயைத் தூக்கிக்கொண்டாள். வெளியே வந்தாள். கூண்டின் கண்ணாடிக்கு நேராக வந்து நின்று, ஓட்டை வழியாகக் குனிந்து, சத்தம் போடாமல் கேட்டாள்.

"பத்து வருஷமா இங்கேதானே உட்கார்ந்திருக்கே?"

டோக்கன் அக்கா பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்குத் தெரியாதாடி? என் தம்பி கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கு உன் பக்கத்துலயே உட்கார்ந்தான்னு நான் மூணு மாசம் உன்கூடப் பேசலை. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." நாயை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "இப்போ இவனை உங்க வீட்டுல விட்டுட்டுப் போறேன். பிள்ளைகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அன்று மாலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போதே முதுகு வலித்தது, கண் எரிந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது கழுத்தில் ஏதோ நெருடியது. கண்ணாடியில் பார்த்தாள். கழுத்தில் இரண்டு, காதுக்குப் பின்னால் ஒன்று.

வளர்ந்த பிறகு வந்தால் அது சின்னம்மையாக இருக்காது, பெரிய ஆட்டம் ஆட்டிவிடும். இரண்டு நாள் அவளுக்குத் தலை தூக்க முடியவில்லை. மெக்கானிக் அவளை உள் அறையில் படுக்க வைத்தார், டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கினார், மூன்றாம் நாள் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஓடினார். அவளைப் பார்த்துக்கொண்டது வாண்டு.

"எனக்கு வந்து போயிடுச்சு. எனக்குத் திரும்ப வராது. நீ படு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மாவின் நகத்தை வெட்டிவிட்டாள். ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் வைத்தாள். பாதி தண்ணீர் தலையணைக்குப் போனது. ரோஸ் லோஷனைப் பஞ்சில் தொட்டு, "சொறியாதே, சொறியாதே" என்று அதட்டிக்கொண்டே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், யார் பென்சில் காணாமல் போனது என்று எல்லாக் கதையையும் சொன்னாள். இரண்டு வருடமாக நாயின் காதுக்குள் போன கதை எல்லாம் இவள் காதுக்கு வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தாலும் டோக்கன் அக்காவுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சுகம் வந்ததில்லை.

அறைக்கதவின் வெளிப்பக்கத்தை மட்டும் நாள் முழுக்க யாரோ பிராண்டிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், வராதே. உனக்கு ஒட்டிக்கும்" என்பாள் வாண்டு, கதவைப் பார்த்து. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனை அவள் இன்னும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. அம்மாவைத் தொட்ட கையால் தொடக் கூடாது என்று கூடத்தின் மறு கோடியில் நின்றே பேசினாள். ஒவ்வொரு பிராண்டலுக்கும் அவள் தோள் ஒரு தரம் சுருங்கியது. புருவத்துக்கு மேலே குழி வெள்ளையாகத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மாவால் அதற்கு மேல் அந்தச் சுகத்தை அனுபவிக்க முடியவில்லை.

"நாய்க்கு ஒட்டாது" என்றாள்.

வாண்டின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. "என்னது?"

"இது நாய்க்கு வராது. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் வரும்னு சொன்ன?"

"பொறாமை."

"யார் மேல?"

"அவன் மேல."

"நாய் மேலயா?"

"ஆமா."

வாண்டு நெற்றிக் குழியைத் தொட்டுப் பார்த்தாள். "நான் பிய்ச்சுப் பிய்ச்சு எடுத்தேன்."

"தெரியும்டா. தப்புதான்."

"உனக்கு ஒட்டும்னு சொன்னது?"

"அது நிஜம்."

 மகள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். இனி நடக்கப்போவது டோக்கன் அக்காவுக்குத் தெரியும். இரண்டும் கட்டிக்கொண்டு கூடத்தில் உருளும், கதவு சாத்தப்படும், அவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நகங்கள் தரையில் வழுக்கும் சத்தம் கேட்டது. சத்தம் வாண்டிடம் நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, அப்புறம் கட்டிலை நோக்கி வந்தது. ஈர மூக்கு ஒன்று அவள் முழங்கையை முகர்ந்தது. ஐந்து நாளாக அவள்மேல் ஸ்பிரிட் இல்லை, தரை துடைக்கும் மருந்து இல்லை. உடம்பு முழுக்க அந்த ரோஸ் லோஷன்தான், அன்று வாண்டின் பக்கத்திலிருந்து அதைத் துரத்தியபோது வாண்டுமேல் இருந்த அதே வாசனை. அரைவால் ஒரே எம்பில் கட்டிலில் ஏறியது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் வயிற்றில் தாடையை வைத்து, பெருமூச்சு விட்டு, படுத்துக்கொண்டது.

"வாடா" என்றாள் வாண்டு, கதவருகில் நின்றபடி.

அது அரை வாலை ஒரு தட்டுத் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

"டேய், வாடான்னா."

டோக்கன் அக்கா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது, கண் நாயிடமிருந்து அம்மாவிடமும் அம்மாவிடமிருந்து நாயிடமும் போய் வந்தது. எரிச்சல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த முகத்தை அவள் நன்றாக அறிவாள். பல மாலைகளில் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த முகம்.

வாண்டு கட்டிலருகில் வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அட்டை எழுதும்போது அம்மா பேசும் அதே நிதானமான குரலில் நாயிடம் சொன்னாள்.

"இறங்குடா. உனக்கு ஒட்டிக்கும்."